கற்பிக்கும் முறை ஏற்புடையதா?



ஆட்டிசம் என்பது நோயன்று. மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமையும் ஒரு வேறுபாடு. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விளக்கினார். இவ்வேறுபாடு உடையோருள் சிலர் பேசுவதில்லை. சிலர் நன்கு பேசினும் பிறரோடு பழகத் திகைப்பர். நம் ஊர்க் கிறிஸ்துமஸ் விழாவின் ஒலிபெருக்கி நமக்கு மகிழ்ச்சி தரும். அதே ஒலி இவர்களுள் சிலருக்குத் தாங்க முடியாத வேதனையாகும்.

இக்குழந்தைகளுக்குக் கற்பிக்க இன்று பல முறைகள் உள்ளன. ஒரு முறையைப் பற்றி, "பலன் தருமா?" என்று எல்லோரும் கேட்கிறோம். "அதைக் கையாளும் தாய்க்கும் ஆசிரியைக்கும், அதைப் பெறும் குழந்தைக்கும் ஏற்புடையதா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

பலன் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் லோவாஸ் என்னும் உளவியலார், வாரம் 40 மணி நேர அளவில் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தனிப்பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பொதுப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தனர் என்று 1987-இல் அறிவித்தார். உலகமே வியந்தது. ஆனால் 1960-களில் அவர் நடத்திய பயிற்சிகளில் அடியும் மின் அதிர்ச்சியும் கூட இடம்பெற்றிருந்தன. பிற்காலத்தில், ஆட்டிசம் உடையோர் பலர் வளர்ந்தபின் வாய் திறந்தனர். யாருக்கும் தீங்கு செய்யாத கை உதறலைக்கூட அடக்கப் பழக்கியது தங்களைப் புண்படுத்தியது என்றனர்.

நம் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்லும் ஒரு தாய் வாரம் 40 மணி நேரத்திற்கு எங்கே போவாள்? முறை சிறந்ததாயினும் வீட்டில் நடைபெறாவிடில் பயன் இல்லை. அது தாயின் குற்றமும் அன்று.

மூன்று வினாக்கள்

1978-இல் மாண்ட்ரோஸ் உல்ஃப் என்னும் அமெரிக்க உளவியலார், எந்தப் பயிற்சியையும் மூன்று வினாக்களால் சோதிக்க வேண்டும் என்றார்.

1. நாம் வைத்த குறிக்கோள் அக்குடும்பம் விரும்பும் குறிக்கோளா?
2. கையாளும் வழி அவர்களுக்கு ஏற்புடையதா?
3. கிடைத்த பலனில் அவர்களுக்கு நிறைவு உண்டா?

இவற்றுக்கு விடை கூற வேண்டியவர் வல்லுநர் அல்லர், பயன்படுத்துவோரே.

கோவாவில் ஒரு முயற்சி

இங்கிலாந்தில் உருவான ஒரு முறையை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2013-இல் சோதனை தொடங்கினர். கோவாவில் இதனைச் செய்தது சங்காத் என்னும் நிறுவனம். மருத்துவ வல்லுநர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினர். ஆறு மாதத்தில் 12 அமர்வுகள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோவில் பதிவு செய்வர். பிறகு பெற்றோருடன் அமர்ந்து அதைப் பார்த்து, நன்றாக அமைந்த கணங்களைச் சுட்டிக்காட்டுவர். குறை கூறுதல் இல்லை. பெற்றோரே கண்டு கற்பது.

பங்கேற்ற 65 குழந்தைகளுள் 32 பேர் இப்பயிற்சியைப் பெற்றனர். அவர்களுள் 26 பேர் இறுதிவரை நிறைவு செய்தனர். இடையில் விடாமல் தொடர்வதும் ஏற்புடைமைக்கு ஓர் அடையாளமே. 2016-இல் முடிவுகள் வெளிவந்தன. பெற்றோர் குழந்தையின் போக்கை அறிந்து இசைந்து பழகினர். குழந்தைகள் தாமாகவே பேச்சையோ சைகையையோ தொடங்குவது மிகுந்தது. ஆனால் இருவரும் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிக்கும் நேரம் குறைந்தது. இதையும் அவர்கள் மறைக்காது கூறினர்.

மறக்கப்படும் விடை

பெரும்பாலும் பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்கிறோம், குழந்தையைக் கேட்பதில்லை. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, தம்மைப் பற்றிய எல்லாவற்றிலும் கருத்துக் கூறும் உரிமை இக்குழந்தைகளுக்கும் உண்டு என்கிறது. பேசாத குழந்தை எவ்வாறு கூறும்? பயிற்சி அறைக்கு விரும்பி வருகிறதா, கதவருகே அழுகிறதா என்று பாருங்கள். "போதும்", "இன்னும் வேண்டும்" என்னும் இரு பட அட்டைகளைக் கையருகே வையுங்கள். அது "போதும்" என்று காட்டினால் நிறுத்துங்கள். நிறுத்தாவிடில் அந்த அட்டைக்கே பொருள் இல்லை.

பெற்றோரே, ஒரு முறை உங்கள் வீட்டிற்கு ஒத்துவராவிடில் நாணித் தாமாக விலகிவிடாதீர்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காரணத்தைச் சொல்லி, மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாணவியரே, இத்தகைய தோழி உங்கள் வகுப்பில் இருந்தால், அவள் கையைப் பிடித்து இழுக்குமுன் கேளுங்கள். ஒலிபெருக்கி அவளை வருத்தினால் பின்வரிசையில் இடம் கொடுங்கள். வினவியபின் சற்றுப் பொறுங்கள். விடை தாமதமாகவும் வரலாம்.