செய்திச் செயலிகளும் தெளிவான கலைச்சொற்களும்

ஒரு கருவியின் உறுப்புக்கு இடப்படும் பெயர் அவ்வுறுப்பின் தொழிலை உணர்த்துதல் வேண்டும். கைப்பேசியில் இயங்கும் செய்திச் செயலிகளுக்கு இவ்விதி மிகவும் பொருந்தும். பெயரைப் பிழையாக உணர்ந்தவர் தம் செய்தியை அறியாமலே பிறர் கையில் சேர்த்துவிடக் கூடும். சேர வேண்டிய செய்தி சேராமற் போகவும் கூடும்.

1961-ஆம் ஆண்டில் மைய அரசு நிறுவிய அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் எளிமை, பொருள் துல்லியம், எளிதில் விளங்குதல் ஆகியவற்றைச் சொல்லாக்கத்தின் அடிப்படைகளாகக் கொண்டுள்ளது. இவற்றின் பயனை வாட்ஸாப் செயலியைக் கொண்டு ஆராயலாம்.

ஒரு வேர், இரு பொருள்

2016 முதல் இச்செயலியில் செல்லும் செய்திகள், அனுப்புவோர், பெறுவோர் ஆகியோரின் கருவிகளில் மட்டுமே திறக்கத்தக்கவாறு பூட்டப்படுகின்றன. இது 'மறையாக்கம்' எனப்படும். 2020-இல் சேர்ந்த மற்றொரு வசதியால், குறித்த காலம் கழிந்ததும் செய்தி தானே நீங்கிவிடும். இதனை 'மறையும் செய்தி' என்றால் குழப்பம் விளையும். 'மறைதல்' என்பதற்கு ஒளிதல், இல்லாமற் போதல் என இரு பொருள் உண்டு. செய்தி எவர் கண்ணிலும் படாது என மாணவர் எண்ணிவிடுவர். உண்மையில், நீங்குமுன் அதனைப் பெற்றவர் படமெடுத்து வைத்துக்கொள்ள இயலும். 'தானே நீங்கும் செய்தி' என்பதே ஐயத்திற்கு இடந்தராத பெயர்.

பழகிய சொல்லும் வழிதவறச் செய்யும்

பலருக்கு ஒரே செய்தியைத் தனித்தனியே அனுப்பும் பட்டியலை 'ஒலிபரப்பு' என மொழிபெயர்த்தால் வானொலியே நினைவுக்கு வரும். யாவருக்கும் எட்டும் என்ற எண்ணம் எழும். ஆனால், அனுப்புவோரின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்போருக்கே அச்செய்தி சேரும். புயலெச்சரிக்கை அனுப்பும் களப்பணியாளர் இதனை அறியாவிடில், எச்சரிக்கை எட்டாத குடும்பங்கள் எட்டியனவாகவே கணக்கிடப்படும். 'தனித்தனியே அனுப்பும் பட்டியல்' என்பது ஓரளவு பொருந்தும். எண்ணைப் பதிதல் வேண்டும் என்பதைப் பெயரோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

எளிய சொற்களின் ஆற்றல்

செய்தியின் அருகே தோன்றும் ஒற்றைக் குறி, இரட்டைக் குறி, நீல இரட்டைக் குறி ஆகியவற்றைச் 'சென்றது, சேர்ந்தது, படித்தது' என மூன்றே சொற்களில் விளக்கிவிடலாம். படித்ததைக் காட்டும் வசதியைப் பெறுவோர் நிறுத்தி வைத்திருந்தால் நீல நிறம் தோன்றாது.

24 மணி நேரம் மட்டும் காட்சியளிக்கும் பதிவை 'நிலை' என்பதால் எதுவும் விளங்காது. மக்கள் நாவில் ஊன்றிய 'ஸ்டேட்டஸ்' என்பதனையே ஆளுதல் நலம்.

சொல்லைச் சோதிக்கும் முறை

புதிய சொல்லைப் பாடத்தில் சேர்க்குமுன், அச்செயலியைப் பயன்படுத்தியறியாத ஒருவரிடம் அதனைக் கூறி மூன்று வினாக்கள் எழுப்புக:

1. இதனை அழுத்தினால் செய்தி யாரைச் சேரும்?
2. அதனை யார் யார் காண இயலும்?
3. எவ்வளவு காலம் அது இருக்கும்?

விடை பிழைபடின் குறை சொல்லினுடையதே, கேட்டவருடையது அன்று. தேர்ந்த சொல்லைப் பாடந்தோறும் மாற்றாது ஆளுக. கைப்பேசித் திரையில் வேறு சொல் காணப்படின், அதனையும் உடன் காட்டி இரண்டும் ஒன்றே என விளக்குக.