எல்லை வரை போ, தம்பி

அன்புள்ள தம்பி,

புக்கிட் மெர்தாஜாம் கிளினிக்கில் வேலை கிடைத்ததற்கு வாழ்த்து. எதை டாக்டரிடம் அனுப்புவது, எதை நானே பார்ப்பது என்று கேட்டிருந்தாய். எங்கே எல்லை மீறிவிடுவோமோ என்பது உன் பயம். நான் அதிகம் பார்த்ததோ, எல்லைக்கு வெகு முன்னாலேயே நின்றுவிடுகிற எம்.ஏ.க்களை, அதாவது மருத்துவ உதவியாளர்களை. சளி, சொறி, மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரை, எல்லாவற்றுக்கும் "டாக்டரைப் பாருங்க" என்று கார்டைத் தள்ளிவிடுவார்கள். அப்படிச் செய்தால் வம்பில்லை என்று தோன்றும். ஆனால் விடிந்ததும் வந்து நம்பர் எடுத்த பாட்டி மத்தியானம் வரை நாற்காலியில் கிடப்பார். டாக்டருக்கும், அவரே பார்த்தாக வேண்டிய நோயாளிக்கு நேரம் மிஞ்சாது.

நம் வேலையின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. அல்மா, ஜுரு, பத்து காவான் பக்கம் பால்மரமாக நின்ற காலத்தில் டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர்தான். கொயினா கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பிரசவம் சிக்கலானால் வண்டிக்கு ஆள் அனுப்புவார். கைராசிக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வராதவனுக்குச் சீக்கா, சோம்பலா என்று தீர்ப்புச் சொல்வதும் அவரே. சம்பளம் தோட்டத்துச் சம்பளம். அந்தத் தீர்ப்பில் துரையின் கணக்கும் கலந்துவிடும். லயத்து ஜனம் அவரைக் கும்பிட்டதற்கும் அவருக்குப் பயந்ததற்கும் காரணம் ஒன்றே.

இந்த டிரெஸ்ஸர்களை, அதாவது தோட்டத்து எச்.ஏ.க்களை (ஆஸ்பத்திரி உதவியாளர்களை), பதிவு செய்ய 1965-இல் சட்டம் வந்தது. உன் பெயர் ஏறியிருக்கும் பதிவேடு 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நீ பதில் சொல்ல ஒரு வாரியம் இருக்கிறது. முதலாளி முகத்தைப் பார்த்து நோயை எடைபோட வேண்டிய நிலை உனக்கு இல்லை. பிறை தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவனை நீ பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

டாக்டர் அல்லாதவர் நோயாளியைப் பார்க்கும் இந்த முறை அமெரிக்காவில் புதுமையாகத் தொடங்கியதும் அதே 1965-இல்தான். கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் நோயாளியை நேரடியாகப் பார்க்க நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட், கடற்படை மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர்களைக் கொண்டு மருத்துவ உதவியாளர் படிப்பை ஆரம்பித்தார். நம் டிரெஸ்ஸர்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். உலகம் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

2010-இல் ஒன் மலேசியா கிளினிக்குகள் திறந்தபோது, ஒரு வெள்ளிக் கட்டணத்தில் எம்.ஏ.வும் மிசியும் நடத்துவதா என்று மலேசிய மருத்துவச் சங்கம் ஆட்சேபித்தது. அதைத் தொழில் பொறாமை என்று நம்மவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படி முழுதாகத் தோன்றவில்லை. சந்தேகம் வந்தால் கதவைத் தட்ட ஒரு டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்பது நியாயமான கேள்வி. பிரிட்டனிலும் 2025-இல் வந்த லெங் அறிக்கை, நோய் இன்னதென்று தெரியாத நிலையில் வருகிறவர்களை அங்குள்ள மருத்துவ உதவியாளர்கள் முதலில் பார்ப்பதற்குக் கடிவாளம் போடச் சொன்னது. மறுபக்கம், 2018-இல் காக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கிளினிக்கில் டாக்டருக்குப் பதில் நர்ஸ் பார்த்தாலும் நோயாளியின் நலம் குறையவில்லை. திருப்தி கூடியிருந்தது, ஒரு நோயாளிக்குச் செலவான நேரமும் கூடியிருந்தது. அந்தக் கூடுதல் நேரம்தான் நம் முதல்.

அதை எங்கே செலவழிப்பது? இனிப்புநீரில். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18 விழுக்காட்டுக்கு மேல் இனிப்புநீர். இந்தியர்களான நம்மிடையே 31 விழுக்காட்டைத் தாண்டியது. வருகிறவரின் செருப்பைக் கழற்றச் சொல். விரல் இடுக்கைப் பார், நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு தெரிகிறதா என்று கேள். மெட்பார்மின் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டால் "ஆமாம்" என்பார். வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று கேள், உண்மை வெளியே வரும். இதற்கெல்லாம் டாக்டர் தேவையில்லை. நீ போதும்.

தயங்காமல் அனுப்ப வேண்டியவையும் உண்டு. இனிப்புநீர்க்காரர் வியர்த்துப்போய் வந்து "கேஸ்ட்ரிக்தான் தம்பி, ஊசி போட்டு விடுங்க" என்பார். ஊசியை எடுக்காதே, இசிஜி எடு. அவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். டெங்கியில் காய்ச்சல் இறங்கியதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். அப்போதுதான் நீ உஷாராக வேண்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர் அறைக்கு நீயே கூட்டிப் போ. வரிசையில் உட்கார வைக்காதே.

வெளியே அனுப்பும்போது "மேல் சிகிச்சைக்கு" என்று ஒரு வரி கிறுக்கி அனுப்பாதே. வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, நீ பார்த்தபோது பிரஷர் எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தாய், எதைச் சந்தேகிக்கிறாய், எல்லாம் எழுது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அந்த ஆளுக்கு என்ன ஆனது என்று விசாரி. நீ சந்தேகப்பட்டது சரியா தப்பா என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

பாட்டிமார் உன்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவையே, "நான் எம்.ஏ., பாட்டி. டாக்டர் உள்ளே இருக்காங்க" என்று சொல்லிவிடு. அதற்காக எழுந்து போக மாட்டார்கள். உட்கார்ந்து காலை நீட்டுவார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு எச்.ஏ.