முதியோருக்கு வழித்துணை: மாணவர்கள் தொடங்கிய ஒரு தொழில்

ஊரில் இருந்த காலத்தில் ஆச்சிக்குச் சுகமில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று நாம் யோசித்ததில்லை. பக்கத்து வளவில் ஆள் இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு பேரன் இருப்பான். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த குடும்பத்துக்கு அது இல்லை. மகனும் மருமகளும் விடியவே வேலைக்குப் போய்விட, கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குள் ஆச்சி தனியே இருக்கிறா. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருப்பது வேறு விதமான தனிமை. பிள்ளைகள் கனடாவில், காசு மாதம் தவறாமல் வருகிறது, ஆனால் கிளினிக்குக்குக் கூடப்போக ஆள் இல்லை.

இது ஒருசில வீடுகளின் பிரச்சினை அல்ல. 1981இல் இலங்கை மக்களில் 60 வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012 குடிசன மதிப்பீட்டில் அது 12.4 ஆகியது.

வெளிநாட்டு இளைஞர் சிலர் இந்தத் தேவையையே தொழிலாக எடுத்தார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் ஒருவரும் பொறியியல் மாணவர் ஒருவரும் சேர்ந்து 'ஒலேரா' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். எந்தப் பராமரிப்பு எங்கே கிடைக்கும், செலவு என்ன, அரச உதவி உண்டா என்று திணறும் குடும்பங்களுக்கு வழிகாட்டுவதே அதன் வேலை. 2022இல் மும்பையில் சாந்தனு நாயுடு என்ற இளைஞர் 'குட்ஃபெலோஸ்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். ரத்தன் டாட்டா அதற்கு முதலிட்டார். புதிதாகப் பட்டம் பெற்ற இளையோர் தனித்திருக்கும் முதியோரிடம் சென்று பேசுவார்கள், கூட நடப்பார்கள், கைத்தொலைபேசி பழக்குவார்கள். முதல் மாதம் இலவசம், அதன்பின் கட்டணம்.

பேச்சுத்துணைக்குக் கட்டணமா என்று நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. துணைக்கு வரும் பிள்ளைக்கும் பஸ்காசு வேண்டும், சாப்பாடு வேண்டும். நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. கொழும்பில் நம் முதியோருக்குப் பேச்சுத்துணையிலும் அவசரமானது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்த ஒருவர்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை எத்தனை பேர் அறிவோம்? பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்று அது சொல்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு விண்ணப்பிக்க ஒரு சபையும் உண்டு. 60 வயதானோருக்கான அடையாள அட்டைக்குப் பிரதேச செயலகத்தில் கேட்கவேண்டும். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய செயலகத்தைச் சேர்ந்தது. கொட்டாஞ்சேனை கொழும்புச் செயலகத்தைச் சேர்ந்தது. தவறான செயலகத்தில் அரைநாள் வரிசையில் நின்று திரும்பிய கதைகள் நிறைய உண்டு. 70 வயதைத் தாண்டிய வறிய முதியோரின் மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

கமக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கமக்காரர் ஓய்வூதியம் வந்தது. அக்காலத்தில் தவணைப்பணம் கட்டிய அப்பு, ஓட்டத்தில் புத்தகம் தொலைந்தது என்று அதை மறந்தே போயிருப்பார். வயல் இருந்த ஊரின் கமநல சேவை நிலையத்தில் முதலில் விசாரியுங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிக் கேட்கவேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி.

இவற்றையெல்லாம் அறிந்து, சிங்களத்திலும் பேசத் தெரிந்த நான்கு மாணவர்கள் சேர்ந்தால் போதும். கட்டடம் வேண்டாம், ஒரு தொலைபேசியும் ஒரு கொப்பியும் வேண்டும். களுபோவில ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு விடிய ஆறு மணிக்கே வெள்ளவத்தை அம்மாவைக் கூட்டிப்போகட்டும். அதற்குக் கனடா மகன் கட்டணம் தரட்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு கொட்டாஞ்சேனை ஆச்சியின் ஓட்டோச் செலவுக்குப் போகட்டும். ஆச்சியிடம் கட்டணம் கேட்கக்கூடாது. தருமம் என்றும் அவவிடம் சொல்லக்கூடாது.

நம்பிக்கை உடைந்தால் இத்தொழில் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆகவே முதியவரின் வங்கிப் புத்தகத்தைத் தொடுவதில்லை, வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்குவதில்லை, காணி உறுதியை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்கவேண்டும். மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்வதும் இவர்கள் வேலையல்ல. வைத்தியர் சொன்னதைக் கொப்பியில் எழுதி, மாலையில் மகனிடம் வாசித்துக் காட்டுவதோடு சரி.

நடமாட முடியாத நிலை வந்தால் இல்லம் தேடவேண்டியும் வரும். மருதானையில் 1888 முதல் ஏழைகளின் சிறிய சகோதரிகள் வறிய முதியோரைப் பராமரித்து வருகின்றனர். அங்கும் இடம் கேட்டுப் போகுமுன், போவதற்கு ஆச்சிக்கு விருப்பமா என்று ஆச்சியிடமே கேட்கவேண்டும்.

உங்கள் குழு கூடும்போது, உங்கள் ஒழுங்கையில் 60 வயதைத் தாண்டியோர் எத்தனை பேர், அவர்களில் யாரிடம் அட்டை இல்லை, யார் ஊரில் ஓய்வூதியப் பணம் கட்டியவர் என்பதைப் பெயரோடு எழுதிப் பாருங்கள். எழுதுவதற்கு ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.