பொருந்தக் கூட்டிய பொறி

தஞ்சையில் வீணை செய்யும் தச்சர் இருவகை வீணைகளைச் செய்வர். ஒரே பலாமரத் துண்டைக் குடைந்து, குடமும் தண்டியும் யாளிமுகமும் பிரிவின்றி ஓருடலாய் அமையச் செய்வது ஏகாண்ட வீணை. அவ்வுறுப்புகளைத் தனித்தனியே கடைந்து, பின்னர் இசைவித்துப் பூட்டுவது ஒட்டு வீணை. ஒட்டு வீணையில் ஓர் உறுப்பு பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆயின் மூட்டுவாய் சிறிது நெகிழ்ந்தாலும் நாதம் கெடும். ஆதலின், ஒட்டு வீணை செய்வோன் உறுப்புகளை அறிந்திருத்தல் மட்டும் போதாது. அவை தம்முள் கூடும் இயல்பினையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இக்காலத்துக் கணிப்பொறிகளும் இவ்வாறே இருவகைப்படும். கைப்பேசியும் மடிக்கணினியும் ஏகாண்ட வீணை போல்வன. மேசைமேல் வைக்கும் கணிப்பொறியோ ஒட்டு வீணை போல்வது. அதன் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே கூட்டிக்கொள்ளலாம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவ்வுறுப்புகள் கடைதோறும் அடுக்கி விற்கப்படுவதை மாணவர் சிலர் கண்டிருக்கலாம்.

அவ்வுறுப்புகள் யாவை? எல்லாவற்றையும் தன்மேல் தாங்கி நிற்பது தாய்ப்பலகை. கடைக்காரர் இதனை மதர்போர்டு என்பர். கணக்கிடும் தொழிலைச் செய்வது செயலி. வேலை நடக்கும்பொழுது செய்திகளை ஏந்தி நிற்பது ராம் எனப்படும் நினைவகம். மின்சாரம் நின்றபின்னும் செய்திகளைக் காத்து வைப்பது சேமிப்பகம். திரையில் எழுத்தும் படமும் தோன்றச் செய்வது பட அட்டை. இவற்றுக்கெல்லாம் அளவறிந்து மின்சாரம் பகிர்ந்தளிப்பது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. இவையனைத்தையும் அடக்கிக்கொள்வது கேபினட் என்னும் பெட்டி. கல்லணையில் பிரிந்த காவிரிநீர் ஆறாகி, வாய்க்காலாகி, மடை வழியே வயலை அடைவது போல, செய்தியும் மின்சாரமும் இவ்வுறுப்புகளினூடே முறைப்படி ஓடுகின்றன.

ஒரு நாட்டில் செய்த செயலி வேறொரு நாட்டில் செய்த பலகையில் பொருந்துவது எங்ஙனம்? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. புதிய அட்டைகளைச் செருகுதற்குரிய இடங்களை அதில் வைத்ததோடு, அதன் அமைப்பை விளக்கும் நூலையும் அந்நிறுவனம் விற்றது. அதனால், பிற நிறுவனத்தாரும் அதனுடன் பொருந்தும் உறுப்புகளையும், அதனை ஒத்த பொறிகளையும் செய்யலாயினர். பின்னர், 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. அம்முறைப்படி முழு அளவுத் தாய்ப்பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. திருகாணித் துளைகள் எங்கெங்கு அமைதல் வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டது. இத்தகைய பொதுவிதிகள் இருத்தலினாலேயே ஒருவர் வீட்டிலிருந்தபடி பொறியைக் கூட்ட முடிகின்றது.

எனினும், விதிகள் காலந்தோறும் மாறுகின்றன. பழைய விதிப்படி செய்ததும் புதிய விதிப்படி செய்ததும் ஒரே கடையில் அருகருகே கிடக்கின்றன. இடர் அங்கேதான் தொடங்குகின்றது. அவ்விடரை நான் நேரிற் கண்டேன்.

எங்கள் தெருவில் ஓர் உழவர் குடும்பம் உண்டு. அவ்வீட்டு மகன் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் பயில்பவன். குறுவை அறுவடையாகி நெல் விலைபோனதும், அவன் தந்தையார் அப்பணத்தில் ஒரு பகுதியை அவனுக்குக் கணிப்பொறி வாங்க ஒதுக்கினார். ஆயத்தமாக விற்பதை வாங்காமல், உறுப்புகளை வாங்கித் தானே கூட்டுவதாக அவன் உரைத்தான். சென்னையிலுள்ள அவன் மாமா தம் பழைய பட அட்டையையும், செயலியைக் குளிர்விக்கும் பெரிய விசிறி ஒன்றையும் அனுப்பியிருந்தார். எஞ்சியவற்றைக் கடையில் வாங்கினான். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள் மாலை, அவன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து வேலையைத் தொடங்கினான். நானும் அருகிருந்தேன்.

முதலில் நினைவகப் பட்டையைப் பலகையில் செருக முயன்றான். அது இறங்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தப் போனவனை, “தம்பி, பொறு. இறங்காததற்கு ஏதேனும் காரணம் இருக்கும்” என்று தடுத்தேன். உற்று நோக்கியபோது உண்மை விளங்கிற்று. அவன் வாங்கிய பட்டை டி.டி.ஆர்.5 என்னும் வகையினது. பலகையோ அதற்கு முந்திய டி.டி.ஆர்.4 வகைக்கென அமைந்தது. இரண்டற்கும் தொடுமுனைகள் 288 தாம். நீளமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயின், பட்டையின் விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளம் மட்டும் இடம் மாறியிருந்தது. தவறானது உள்ளே புகாதபடி காக்கும் காவலனே அப்பள்ளம். அழுத்தியிருந்தால் பட்டையும் பலகையும் ஒருங்கே பாழாகியிருக்கும். மறுநாள் பட்டையை மாற்றி வந்தான்.

அடுத்து விசிறி. அதன் கால்கள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருந்தன. பலகையின் துளைகளோ 78 மில்லிமீட்டர் இடைவெளியுடையன. மூன்றே மில்லிமீட்டர் வேறுபாடு; எனினும் பூட்ட முடியவில்லை. இரண்டையும் இணைக்கும் உலோகச் சட்டம் ஒன்று தனியே விற்கப்படுகிறது என்று அறிந்து, அதனை வாங்கி இடையில் வைத்துப் பூட்டினான்.

பின்னர்ப் பட அட்டை. அது நீளமானது. பெட்டியினுள் இருந்த வட்டுக்கூடு அதனை வழிமறித்தது. அக்கூடு பழைய வகை வட்டுகளை வைப்பதற்குரியது. அவன் வாங்கிய சேமிப்பகமோ பலகையின்மேலேயே படுத்திருக்கும் சிறு பட்டை. ஆதலின் கூட்டினால் அவனுக்குப் பயனில்லை. திருகாணிகளைக் கழற்றி அதனை நீக்கினான். அட்டை செவ்வனே அமர்ந்தது.

இவற்றையெல்லாம் காணக் காண, நான் நெடுங்காலம் வகுப்பில் நடத்திய இலக்கணமே என் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நிலைமொழியும் வருமொழியும் கூடுங்கால் நிகழ்வனவற்றைக் கூறுகின்றது. வயல் என்பதும் வெளி என்பதும் சேர்ந்து வயல்வெளி என மாற்றமின்றி நிற்பது இயல்பு. வாழை, தோப்பு என்பவை வாழைத்தோப்பு என ஓர் எழுத்து மிகுந்து நிற்பது தோன்றல். மரம், வேர் என்பவை மரவேர் என ஓர் எழுத்துக் குறைந்து நிற்பது கெடுதல். நெல், கதிர் என்பவை நெற்கதிர் என எழுத்து மாறி நிற்பது திரிதல். விசிறிக்கும் பலகைக்கும் இடையே சட்டம் வந்தது தோன்றல் அன்றோ? அட்டைக்கு இடந்தர வட்டுக்கூடு நீங்கியது கெடுதல் அன்றோ? இதனை அவனுக்குச் சொன்னேன். “அப்படியானால் திரிதல் இன்னும் வரவில்லை, ஐயா” என்று அவன் நகைத்தான். அதுவும் வருவதாயிற்று.

எல்லாம் பூட்டி முடிந்தது. மின்விசையைத் தட்டினான். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் இருண்டே கிடந்தது. அவன் வாங்கிய செயலி, படங்காட்டும் பகுதி தன்னுள் இல்லாத வகையினது. அவனோ திரையின் கம்பியைத் தாய்ப்பலகையில் செருகியிருந்தான். அதனைப் பட அட்டைக்கு மாற்றினான். அப்பொழுதும் இருளே. நினைவகத்தைக் கழற்றி மீண்டும் செருகினான். இருள் அகலவில்லை. அவன் முகம் வாடிற்று. “அப்பாவின் நெற்பணத்தைப் பாழாக்கிவிட்டேன், ஐயா” என்று கூறித் தலைகவிழ்ந்தான்.

வாயிற்படியில் நின்று கேட்டிருந்த தந்தையார் அருகில் வந்தார். “நாற்று வெளுத்தால் வயலையா விற்றுவிடுகிறோம்? வேரைப் பிடுங்கிப் பார்ப்போம். நீயும் வேர் எங்கே என்று பார், தம்பி” என்றார். அச்சொற்கள் அவனுக்கு ஊக்கமளித்தன. அதுகாறும் திறவாதிருந்த பலகையின் விளக்கநூலை அவன் எடுத்துப் படித்தான்.

செய்தி அதில்தான் இருந்தது. தாய்ப்பலகையினுள் பயாஸ் என்னும் தொடக்க நிரல் ஒன்று உறைகின்றது. மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழித்தெழுந்து, செயலி இன்னது, நினைவகம் இன்னது என்று அறிவது அதுவே. அவன் வாங்கிய பலகை முந்திய தலைமுறைச் செயலி வெளிவந்த காலத்தில் செய்யப்பட்டது. செயலியோ அடுத்த தலைமுறையைச் சார்ந்தது. இரண்டற்கும் இருக்கை ஒன்றே. 1700 தொடுபுள்ளிகளும் ஒத்திருந்தன. ஆதலின் செயலி இனிது அமர்ந்தது. ஆயினும், பின்னர்ப் பிறந்த அச்செயலியைப் பழைய நிரல் அறியாது. இருக்கை ஒத்ததைக் கண்டு எல்லாம் ஒத்ததென அவன் எண்ணியதே பிழை. நிரலைப் புதியதாகத் திருத்தினால் பொறி விழிக்கும் என்று நூல் கூறிற்று.

அப்பலகையில், செயலியின் துணையின்றியே நிரலைத் திருத்துதற்கென ஒரு பொத்தான் இருந்தது. பள்ளித் தோழன் வீட்டுக் கணிப்பொறியில் புதிய நிரலை இறக்கி, விளக்கநூல் சொன்ன பெயரைச் சூட்டி, பென்டிரைவில் கொண்டு வந்தான். ஆனால், நிரல் மாறிக்கொண்டிருக்கும்பொழுது மின்சாரம் நின்றால் பலகை அடியோடு பயனற்றுப் போகக்கூடும். வெளியே மழையும் காற்றும் மிகுந்திருந்தன; அன்று மாலை இருமுறை மின்சாரம் நின்று வந்தது. ஆசை அவனை முன்னே தள்ளிற்று. அச்சம் பின்னே இழுத்தது. முடிவில் அவன் பொத்தானை அழுத்தவில்லை. மறுநாட் காலை, அண்டை வீட்டிலிருந்து மின்கலத்தில் இயங்கும் யு.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி வந்து, அதன் துணையோடு தொடங்கினான். சிறு விளக்கொன்று மின்னி மின்னிச் சில நிமிடங்களில் அடங்கிற்று. மீண்டும் மின்விசையைத் தட்டியதும் திரை ஒளிர்ந்தது. “திரிதல் வந்துவிட்டது, ஐயா!” என்று அவன் கூவினான். பழைய நிரல் திரிந்து புதிய நிரலாயிற்றன்றோ?

அப்பொறியால் எனக்கும் ஓர் உதவி கிடைத்தது. யான் முன்னாளில் தட்டச்சிட்டு வைத்திருந்த பாடக்குறிப்புகளை அதில் திறந்து காட்டுமாறு வேண்டினேன். திரையில் தமிழ் தோன்றவில்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிரம்பின. பல்லாண்டு உழைப்பு அழிந்ததோ என்று நான் திடுக்கிட்டேன். இம்முறை அவன் கலங்கவில்லை. “நூலைப் பார்ப்போம், ஐயா” என்றான்.

காரணம் இதுவே. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தனர். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு முறை கொண்டிருந்தது. ஆதலின் ஒருவர் எழுதியதை மற்றவர் பொறியில் படிக்க இயலாதிருந்தது. இக்குறை நீங்க, 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் பயனாகத் தமிழ்99 என்னும் பொது விசைப்பலகை அமைந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. பழைய முறையில் ‘கெ’ என்று எழுதக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னும் தட்டினோம். யூனிகோடு முறையிலோ மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னுமாக வைக்கப்படுகின்றன. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்றலின், இம்முறை நம் இலக்கணத்தோடு ஒத்ததே. அம்மாணவன் மாற்றித் தரும் நிரல் ஒன்றைக் கொண்டு என் குறிப்புகளையெல்லாம் புதிய முறைக்குத் திருப்பித் தந்தான்.

மாணவர்களே! நீவிரும் ஒருநாள் இத்தகைய பொறியைக் கூட்ட நேரலாம். பணம் கொடுக்குமுன் பலகையின் விளக்கநூலையும், அது ஏற்கும் செயலிகளின் பட்டியலையும் படியுங்கள். பெட்டியின் உள்ளளவை அளந்து கொள்ளுங்கள். மின்னிணைப்பைப் பிரித்தபின்னரே உள்ளே கை வையுங்கள். ஓர் உறுப்பு பொருந்தாவிடில் வலிந்து அழுத்தாதீர்கள். வேண்டுவது தோன்றலோ, கெடுதலோ, திரிதலோ, அன்றி உறுப்பையே மாற்றுதலோ என ஆராயுங்கள். திரை இருண்டதும் மனமும் இருண்டுவிடலாகாது.

அவ்வுழவர் வீட்டுக் கூடத்தில் அப்பொறி இன்றும் இயங்குகின்றது. அதன் அருகே, முன்னர்த் திறவாதிருந்த அவ்விளக்கநூல், பக்கங்கள் மடிந்து கைபட்டுப் பழகிக் கிடக்கின்றது.