ஒளிப்பதிவு கற்க எந்த வாசல்?

"ஒளிப்பதிவு படிக்கணும், எங்கே சேரலாம்?" என்று வரும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே சேர்ந்தால் வாரத்தில் எத்தனை மணி நேரம் உன் கையால் விளக்கை நகர்த்துவாய்? விளக்கை இரு மடங்கு தூரம் தள்ளினால் முகத்தில் விழும் ஒளி கால் பங்காகும். பலகையில் எழுதினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், மூக்கின் நிழல் விளிம்பு கூர்மையாவதை நேரில் பார்க்கும்போதுதான் அது மனதில் தங்கும்.

பிளஸ் டூ முடித்தவர், வீட்டில் பணவசதி குறைவு என்றால், தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தைத்தான் முதலில் சொல்வேன். 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. பக்கத்து வகுப்பிலேயே இயக்கமும் படத்தொகுப்பும் ஒலிப்பதிவும் படிப்பவர்கள் இருப்பார்கள். நீங்கள் எடுத்த ஷாட்டை இன்னொருவர் மேஜையில் போட்டு வெட்டும்போது, "இது அதோடு ஒட்டவில்லை" என்பார். அந்தச் சொல் ஒரு பருவத்துப் பாடத்துக்குச் சமம்.

ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கிறதா? புனே, கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசுத் திரைப்பட நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை எழுதுங்கள். இரண்டிலும் ஒளிப்பதிவு 3 ஆண்டுப் படிப்பு. பாலுமகேந்திராவும் சந்தோஷ் சிவனும் புனேயில் படித்தவர்கள். இடங்கள் மிகக் குறைவு என்பதால் ஒருமுறை கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம்.

தனியார் பள்ளிகளில்தான் கவனம் தேவை. கட்டணம் லட்சங்களில் போகும். விளம்பரத்தில் உள்ள கேமராவின் பெயரை மறந்துவிடுங்கள். ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள்? இறுதிப் பயிற்சிப் படம் தனியாகவா, ஐந்து பேர் சேர்ந்தா? பயிற்சி எடுத்த மறுநாள் ஆசிரியர் உடன் உட்கார்ந்து தவறுகளைச் சொல்வாரா? சென்ற ஆண்டு மாணவர்கள் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். வட்டிக்குக் கடன் வாங்கிச் சேருவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

வார இறுதிப் பட்டறைகள் ஏற்கெனவே படம் எடுத்துப் பார்த்தவருக்குச் சந்தேகம் தீர உதவும். முதல் படியாக வேண்டாம்.

உதவியாளராகச் சேருவது பழைய வழி, இன்றும் வலுவான வழி. கே.வி. ஆனந்த் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து பி.சி. ஸ்ரீராமிடம் சேர்ந்தவர், ஜீவாவும் திருவும் ஸ்ரீராமிடம் வளர்ந்தவர்களே. மேகம் மூடிக்கொண்டுவிட்டது, நடிகர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்ற நெருக்கடியில் ஒரு மூத்தவர் என்ன முடிவெடுக்கிறார் என்பதை எந்த வகுப்பறையும் காட்டாது. ஆனால் முதல் வருடங்களில் லென்ஸ் எடுத்துக் கொடுப்பதும் பேட்டரி கணக்குப் பார்ப்பதும்தான் உங்கள் வேலை. விளக்கு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் நீங்கள் அல்ல. ஆகவே படப்பிடிப்பு இல்லாத நாட்களில் சொந்தமாகக் குறும்படம் எடுத்தே ஆக வேண்டும்.

எங்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டு ஜன்னலோரம் ஒருவரை உட்காரவைத்து, காலை 7 முதல் மாலை 6 வரை மணிக்கொரு படம், கைப்பேசியிலேயே. அதே நேரத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை பிடித்து இன்னொன்று. இரவில் இருபத்து நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மறுநாளும் அதே ஜன்னலுக்குப் போகத் தோன்றினால் விண்ணப்பத்தை நிரப்பலாம்.