கொல்லைப் பந்தலுக்கு ஏற்ற கூரைத்தகடு எது?

பால்வெட்டை முடித்து வீடு திரும்பியபின் கொல்லையில் கத்தரி, மிளகாய் நாற்றுகளை வளர்ப்பதும் நாலு கோழிகளைப் பேணுவதும் நம் தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கமாகும். அவற்றிற்குப் பந்தல் போட முனையுங்கால், தகரத்திற்கு மாற்றாகக் கடையில் பலவகைப் பிளாஸ்டிக் தகடுகள் கிடைக்கின்றன. மழையைத் தடுப்பதில் அவை யாவும் ஒன்றே. வெயிலைத் தாங்குவதில்தான் வேறுபடுகின்றன. இதை எண்ணாமல் விலையொன்றையே பார்த்து வாங்கினால், சில ஆண்டுகளிலேயே மறுபடியும் பணத்தைச் செலவிட நேரும்.

விலை குறைந்தது பி.வி.சி. நெளிதகடு. வெயிலிலுள்ள புற ஊதாக்கதிர் பட்டுப் பட்டு அது மஞ்சளித்து நொறுங்குந் தன்மையை அடைகிறது; பின்னர் ஒரு சிறு கிளை விழுந்தாலும் உடையும். சூட்டில் எளிதில் இளகுவதால் விறகடுப்புக்கு மேல் இதனை ஒருபோதும் போடலாகாது.

கண்ணாடியிழைத் தகடு இதனினும் வலியது. ஆயினும் நாளடைவில் மேற்பூச்சுத் தேய்ந்து இழைகள் வெளிப்படும். அவற்றில் அழுக்கும் பாசியும் பிடித்து ஒளி மங்கும். அறுக்கும்போது எழும் தூள் தோலிலும் கண்ணிலும் உறுத்துமாதலால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளல் வேண்டும்.

பாலிகார்பனேட் விலை கூடியது. காவற்படையினரின் கேடயங்கள் செய்யப்படும் பொருளும் இதுவே, எளிதில் உடையாது. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. புற ஊதாக்கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஒட்டியுள்ள மெல்லிய தாளில் அப்பக்கம் குறிக்கப்பட்டிருக்கும். அதுவே வானத்தை நோக்க வேண்டும். குறிப்பைப் பாராது தாளை உரித்துவிட்டுத் தலைகீழாகப் பொருத்தினால், கூடுதலாகக் கொடுத்த விலை வீணே. உள்ளே குழாய்போல் அறைகள் கொண்ட இரட்டைத் தகடாயின், அவ்வறைகள் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக அமைய வேண்டும்.

நாற்றுகளுக்கு ஒளிபுகும் தகடு நன்று. பக்கங்களைத் திறந்து விடுங்கள், இல்லையேல் நாற்று வெந்துவிடும். கோழிக்கூட்டிற்கு அதனை முழுவதுமாக வேய்தல் கூடாது. நண்பகலில் கோழிகள் வாயைத் திறந்து இளைப்பதைக் கண்டிருப்பீர்கள். கூட்டிற்குத் தகரமோ கீற்றோ போதும். வெளிச்சத்திற்கு இடையில் ஒரு தகடு இருக்கட்டும்.

பொருத்துவதில் செய்யும் பிழையே தகட்டை விரைவில் கெடுக்கிறது. பத்தடித் தகடு 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். ஆணியை நேரே அடித்தால் நீள இடமின்றி அவ்விடத்திலேயே வெடிக்கும். திருகாணியைவிடச் சற்றுப் பெரிய துளையிட்டு, ரப்பர் வளையம் வைத்து, அளவாக முறுக்குங்கள். பாலிகார்பனேட்டிற்கு மென்மையான பி.வி.சி. வளையம் ஆகாது, அதிலிருந்து கசியும் பொருள் தகட்டைக் கெடுத்துவிடும்.

பழைய தகட்டைச் சீர்செய்ய ஏறுவோர் அதன்மேல் காலை ஊன்றலாகாது. வெயிலில் நைந்த தகடு ஆள் பாரத்தைத் தாங்காது. சட்டங்களின் குறுக்கே தடித்த பலகையைப் போட்டு, அதன்மேல் நின்றே வேலை செய்யுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும்.