மடியில் மகன், லண்டன் பயணம்

கேள்வி: ஒன்றரை வயது மகனோடு கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்குத் தனியாகப் போகிறேன். தடிமனுக்குக் கொடுக்கிற பாணி மருந்தைக் கொடுத்தால் தூங்கிவிடுவான் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், மட்டக்குளி

பதில்: தயவுசெய்து வேண்டாம். சில பிள்ளைகளை அந்த மருந்து தூங்க வைக்காது, இன்னும் பரபரப்பாக்கிவிடும். அளவு கூடினால் மூச்சுக்கே ஆபத்து.

நேரடி விமானம் என்றாலும் ஏறக்குறைய 11 மணிநேரம். பிள்ளை வீரிட்டு அழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். காற்றழுத்தம் மாறுவதால் காது அடைத்து வலிக்கும், விழுங்கினால் திறக்கும். ஆகவே விமானம் தாழத் தொடங்கியதும், தூங்கினாலும் எழுப்பி, பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுங்கள். பயணத்துக்கு வேண்டிய குழந்தைப் பாலுக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு இல்லை. சோதனையில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

விளையாட்டுப் பொருட்களை ஒரேயடியாகக் காட்டாதீர்கள். மூடி திறக்கும் டப்பா, ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கர், அவன் இதுவரை காணாத சின்னப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். நடைபாதையோர இருக்கை கேளுங்கள்; பெல்ட் விளக்கு அணைந்ததும் கைபிடித்து நடத்துங்கள். அப்படியும் அழுதால் அழட்டும். பக்கத்து இருக்கைக்காரரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.